நகத்தளவு பள்ளம்

என் அண்ணியை யாராவது என்னிடம் விசாரித்தால், “அது ஒரு அமுக்கு” என்றுதான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் வரும். அந்த அரையும் பாதி வழியில் தொண்டைக்குள் திரும்பிப் போய்விடும். எனக்கு அப்படி இருக்கத் தெரியாது. நான் பஸ் ஓட்டுகிறவள். மனதில் பட்டதை அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன், அப்புறம் மறந்தும் போய்விடுவேன். ஆகவே எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். நாத்தனார் என்றால் அப்படித்தான் என்று சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

நான் ஓட்டுவது ஊருக்குள் போகும் பஸ் இல்லை. விண்வெளிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் கப்பல்களைத் தயார் செய்கிற வளாகம் ஒன்று எங்கள் ஊருக்கு வெளியே இருக்கிறது. அதன் வேலிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற பஸ். ஒரு கோடியில் ஃபோம் ஷெட், மறு கோடியில் டைல் ஷெட், நடுவில் இன்ஜினியர்களின் கட்டடம், கேன்டீன், ஓடுபாதைக்குப் போகும் கேட். என் அண்ணனுக்கு முதல் ஷெட், அண்ணிக்குக் கடைசி ஷெட். அவர்கள் கல்யாணமே என் பஸ்ஸில் முளைத்ததுதான். அப்போதெல்லாம் அண்ணன் தன் நிறுத்தத்தில் இறங்காமல் டைல் ஷெட் வரை வந்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போவான். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, “டிக்கெட் கெடையாதுங்கறதுக்காக டெய்லி ஊர்வலம் போவியா நீ?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவளுக்குக் காதுமடல் சிவந்துபோயிற்று. அன்றைக்கே என்னை அவளுக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம்.

இவர்கள் வேலை என்னவென்று சொல்லாவிட்டால் மற்றது புரியாது. கப்பல் மேலே கிளம்பும்போது அதன் வயிற்றை ஒட்டி ஒரு பெரிய டேங்க் போகும். உள்ளே இருக்கும் எரிபொருள் அப்படியொரு குளிர். சும்மா விட்டால் டேங்க் முழுக்கப் பனிக்கட்டி கட்டிவிடும் என்று, சுற்றிலும் ஃபோம் அடிப்பார்கள். மெத்தைக்குள் இருக்குமே, அந்த ரகம்தான், கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பெரிய பரப்பையெல்லாம் மிஷின் அடித்துவிடும். டேங்க்கையும் கப்பலையும் சேர்க்கிற தாங்கிகளைச் சுற்றி மட்டும் இண்டும் இடுக்குமாக இருப்பதால் கையால்தான் அடிக்க வேண்டும். இடது பக்கத் தாங்கி என் அண்ணனுடையது. ஓர் அடுக்கு அடித்து, அது இறுகியதும் மேலே இன்னோர் அடுக்கு, கடைசியில் கத்தியால் செதுக்கிச் சரிவாக்குவான். மேலே போனதும் டேங்க் கழன்று விழுந்து காற்றிலேயே எரிந்துவிடும். தான் செய்த வேலை அங்கே போய் எப்படி இருந்தது என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

அண்ணியின் வேலை அப்படியே திரும்பி வரும். கப்பலின் அடிவயிறு முழுக்கக் கறுப்பு டைல். இறங்கும்போது காற்றில் உரசி அடிப்பக்கம் தணலாகப் பழுத்துவிடும். அந்தச் சூடு உள்ளே இருப்பவர்களிடம் போகாமல் தடுப்பது அந்த டைல்தான். கையில் எடுத்தால் ஒன்றுமே எடுக்காத மாதிரி இருக்கும், அவ்வளவு லேசு. உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வந்ததை அண்ணி வெறும் விரலால் மூலையில் பிடித்துத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். நான் கத்திவிட்டேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தனை சூட்டைத் தாங்கும் அந்தச் சாமான் ஒரு தட்டுக்குத் தாங்காது. விரலால் அழுத்திக் குத்தினாலே பள்ளம் விழும். கப்பல் மேலே போகிற வேகத்தில், டேங்க்கிலிருந்து பிய்ந்து வரும் ஃபோம் துண்டு பட்டால் கேட்கவே வேண்டாம். “புருஷன் பிச்சுப் போடறான், பொண்டாட்டி ஒட்டிக்கிட்டிருக்கா” என்று பஸ்ஸில் எல்லோரும் கேலி செய்வார்கள். நானும்தான்.

டைல் ஷெட்டுக்கு வருவதற்கு முன்னால் அண்ணி பல் செட் செய்கிற கடையில் இருந்தாள். அப்பா இல்லாத வீடு, பள்ளிக்கூடம் முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டவள். யாருடைய பல் என்ன நிறம், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, பக்கத்துப் பல்லோடு பல்லாகச் சேருகிற மாதிரி செய்ய வேண்டும். அவள் செய்த பல்லைக் கட்டிக்கொண்டு போனால், அது செட் பல் என்று கூடவே வாழ்கிறவர்களுக்கே தெரியாதாம். இதை அவளே ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தக் கையோடுதான் டைல் ஷெட்டுக்கு வந்தாள். கப்பல் இறங்கி ஷெட்டுக்குள் வந்ததும் இவர்கள் கையில் விளக்கோடு அதன் அடியில் மல்லாந்து படுத்து, டைல் டைலாகப் பார்ப்பார்கள். சின்னப் பள்ளம் என்றால் பசையைக் குழைத்து அங்கேயே அடைத்துவிடலாம், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பெரிதாக இருந்தால் சிவப்பு நாடா ஒட்டி இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து பார்ப்பார், ஃபோம் ஷெட்டுக்குச் செய்தி போகும். எது சின்னது, எது பெரியது என்று அளக்க ஒரு பிளாஸ்டிக் கேஜ் கொடுத்திருந்தார்கள். மல்லாந்து கிடக்கிறவள் அதை எங்கே தேடுவாள்? சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்ப்பார்கள். நகத்துக்குள் அடங்கினால் சின்னது. ஷெட்டில் அத்தனை பேரும் அப்படித்தான் அளந்தார்கள். அது இன்ஜினியர்களுக்கும் தெரியும்.

கல்யாணமான புதிதில், தரையிறங்கும்போது சக்கரம் வெளியே வரத் திறக்கும் இடது சக்கரக் கதவை ஒட்டி ஒரு பள்ளத்தை அண்ணி பார்த்தாள். வயிற்றுப் பக்கத்திலேயே மோசமான இடம் அது. கதவு இடுக்கு வழியாகச் சூடு உள்ளே போனால் அவ்வளவுதான். நாடா ஒட்டினாள். விசாரித்ததில், அது என் அண்ணனின் தாங்கியிலிருந்து பிய்ந்த துண்டு என்று முடிவாயிற்று. அவனிடமிருந்து ஸ்ப்ரே கன்னை வாங்கிக்கொண்டு, பாலிதீன் ஷீட் ஒட்டுகிற வேலையில் போட்டார்கள். அந்த நாட்கள் எனக்கும் நினைவிருக்கிறது. பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான். வீட்டில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், கை சாப்பாட்டில் படாது. ஆள் பாதியாகிவிட்டான். கன் திரும்பக் கைக்கு வந்த பிறகுதான் முகத்தில் களை வந்தது. நாடா ஒட்டியது யார் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த முறை கப்பல் வந்தபோது அதே கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம். சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கவில்லை. அண்ணி சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அடங்கியது. பசையைக் குழைத்து அடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த இடத்தை அவள் யாரிடமும் விடவில்லை. “அது சிக்கலான எடம், நான் பாத்துக்கறேன்” என்பாள். கஷ்டமான வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாளே என்று மற்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள். போய் வந்த கப்பல் ஒவ்வொன்றிலும் அங்கே ஒரு பள்ளம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் நகம் போதுமானதாக இருந்தது. அடைத்த இடத்தை அவளே விளக்கைச் சாய்த்துத் தேடினாலும் தெரியாது.

ஃபோம் ஷெட்டில் என்ன ஆயிற்று என்றால், இடது தாங்கியிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. மற்ற மூலைகளிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டிருக்க, என் அண்ணனுடைய மூலை மட்டும் துடைத்துவிட்ட மாதிரி. பெரிய அதிகாரி ஒருவர் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். புதிதாக வருகிறவர்களை அவனிடம் அனுப்பி, எப்படி அடிக்கிறான் என்று பார்க்கச் சொன்னார்கள். அவனும் சளைக்காமல் சொல்லிக் கொடுத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் என் அண்ணன் கையைப் பற்றி அளந்துகொண்டே வருவேன். பின்னால் ஜன்னலோரம் அண்ணி வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷனைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொன்னால் ஒரு சிரிப்பாவது சிரிக்கக் கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் அவனை ஃபோர்மேன் ஆக்குவதாக முடிவு செய்து, நீல நிறக் கோட்டும் தைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கப்பல் மேலே போனது. நாலு பேர் போனார்கள். அவர்களில் ஒரு டாக்டரம்மாவை எனக்குத் தெரியும். பயிற்சிக்கு வரும் நாட்களில் என் பஸ்ஸில் ஏறினதும் தூங்கிவிடுவார். “உங்க வண்டில வர்ற தூக்கம் எனக்கு வீட்டுல கூட வரலங்க” என்பார். நான் ஓட்டும் லட்சணத்துக்கு அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் டைல் ஷெட்டுக்குப் போய், அண்ணி வேலை செய்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாராம்.

“இதுதான் என்னத் திரும்பக் கொண்டாந்து சேக்கப் போகுதா?”

“சேக்கும்” என்றாள் அண்ணி. அவளிடமிருந்து முழு வார்த்தை ஒன்று வந்தது அப்போதுதான் போலிருக்கிறது.

கப்பல் மேலே போய்ச் சேர்ந்ததும், அதிலிருக்கும் இயந்திர நீளக் கையில் காமிராவை வைத்து அடிவயிற்றைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அது எப்போதும் செய்வதுதான், சின்னப் பள்ளமெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது. இந்த முறை டைல் இன்ஜினியர் மேடம் அந்தப் படத்தோடு நேராக ஷெட்டுக்கே வந்துவிட்டார். எதைப் பார்த்தாலும் பையிலிருந்து லென்ஸை எடுப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நல்ல மனுஷி. ஒட்டுகிறவர்கள் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, படத்தைக் காட்டினார்.

“எடது சக்கரக் கதவுக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு தீற்றல் தெரியுது பாருங்க. மேல இருக்கற கறுப்புப் பூச்சு மட்டும் உரிஞ்சிருக்கா, இல்ல ஆழமா தோண்டிருச்சான்னு இத வச்சு சொல்ல முடியல. வெறும் உரசல்னா அப்படியே எறங்கலாம். ஆழம்னா ஆள வெளிய அனுப்பி அடைக்கணும். ஆனா கப்பலுக்கு அடியில புடிச்சுக்க ஒண்ணும் கெடையாது. போறவங்க காலு பட்டா நல்லாருக்கற டைலும் போயிடும், அவங்களுக்கும் ஆபத்து. அனாவசியமா அனுப்ப எனக்கு மனசு வரல.”

படத்தைக் கைக்குக் கை கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார்.

“இந்த எடத்துல அடி விழுந்ததா எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அதுவும் ரொம்பப் பழசு. அந்த மூலையில ஃபோம் நல்லா நிக்குதுன்னுதான் எல்லாரும் நம்பறோம். அதனால இது உரசல்தான்னு பாதிப்பேரு சொல்றாங்க. உங்க யாருக்காவது ஏதாவது ஞாபகம் இருக்கா? சின்னதா இருந்தாலும் பரவால்ல.”

எல்லோரும் அண்ணியைத்தான் பார்த்தார்கள். அது அவள் இடம் ஆயிற்றே.

“ஒண்ணும் ஞாபகம் இல்ல மேடம்” என்றாள் அண்ணி.

“சரி. நாளைக்குக் காலைல முடிவு எடுத்துடணும். ஏதாவது தோணிச்சுன்னா எந்நேரமானாலும் வாங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருந்தான். மறுநாள்தான் அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஃபோர்மேன் நாற்காலியில் உட்கார வேண்டிய நாள். அண்ணி ஜன்னலோரத்தை விட்டுவிட்டு எனக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தாள். வளாகத்து வாசல் கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள், இவள் இறங்கவில்லை.

“வண்டிய கொஞ்சம் ஓரமா நிறுத்து.”

நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னாள். சுண்டுவிரல், கட்டைவிரல், ஒவ்வொரு கப்பலிலும் அதே இடம், காலையில் மேடத்திடம் சொன்ன பொய். கல்யாணமானதிலிருந்து என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை, அப்புறம் தூக்கிவாரிப் போட்டது.

“நீங்க என்ன மனுஷி அண்ணி? மேல நாலு பேரு இருக்காங்க. அந்த டாக்டரம்மா என் பஸ்ல தூங்கிட்டு வந்தவங்க. ஞாபகம் இல்லன்னு சொல்ல உங்களுக்கு எப்பிடி நாக்கு வந்துச்சு?”

“சொன்னா உங்கண்ணன் போச்சு. நாளைக்குக் கோட்டு போடப் போறாரு.”

“சொல்லலன்னா?”

அவள் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய்க்கு வந்தபடி இன்னும் என்னென்னவோ திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“மேடத்துகிட்டப் போய் சொல்லத்தான் போறேன். அதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லணும். அடுத்தவங்க வாயால அவரு கேக்கக் கூடாது. நீ கூட வந்தீன்னா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. என் கோபம் போகவில்லை. ஆனாலும் பஸ்ஸிலேயே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கோட்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும், “என்ன, இன்னிக்கு சூரியன் எந்தப் பக்கம்?” என்று சிரித்தான். அண்ணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள், எதையும் விடாமல், குறைக்காமல். அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஸ்விட்சை அணைத்தான்.

“எவ்வளவு நாளா இது?”

“கல்யாணத்துக்கு மறு வருஷத்துலேருந்து.”

“அப்ப என் கை நல்ல கைன்னு எல்லாரும் சொன்னதெல்லாம்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் அடிக்கறது மேல போனதும் எரிஞ்சுபோகுது. நல்லா நின்னுச்சா, பிஞ்சுதான்னு நான் தெரிஞ்சுக்க ஒரே வழி உன் ஷெட்டுதான். நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா அடுக்க மாத்திருப்பேன். சரிவ மாத்திருப்பேன். கன்னோட மூக்கையாவது மாத்திருப்பேன். என்னால முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?”

“அன்னிக்கு நீங்க சாப்பிடாம உக்காந்திருந்தீங்க.”

“நாலு வேள சாப்பிடலன்னா செத்தா போயிட்டேன்?”

“எனக்குப் பாக்க முடியலங்க” என்றாள் அண்ணி. குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது, அதற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். முகம் வெளிறிப்போயிற்று.

“ஷெட்டுல எல்லாருக்கும் நான் அதே மாதிரிதான் கத்துக் குடுத்திருக்கேன்” என்றான், யாரிடம் என்றில்லாமல். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, “வண்டிய எடு” என்றான்.

பூதக்கண்ணாடி மேடத்தின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேஜை முழுக்க அந்த ஒரே படத்தின் பிரதிகள். அண்ணி சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை.

“நகத்தால அளக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டேன். அது என் தப்பு, உங்களுது வேற தப்பு. ரெண்டையும் அப்புறம் பேசிக்கலாம். இப்ப சொல்லுங்க, அந்தப் பள்ளமெல்லாம் எப்பிடி இருக்கும்?”

அண்ணி வாயால் சொல்லப் பார்த்தாள், வரவில்லை. அலமாரியில் கிடந்த ஒரு கழிவு டைலையும் ஒரு சின்னக் கரண்டியையும் கேட்டு வாங்கினாள். டைலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி சுரண்டினாள். கை தயங்கவே இல்லை. ஒரு பக்கம் மெல்லிசாகத் தொடங்கி, போகப் போக அகன்று, பின்னால் ஆழமாக முடிகிற பள்ளம். வெள்ளைத் தூள் அவள் மடியில் கொட்டியது. மேடம் அதைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து லென்ஸால் பார்த்தார். வெள்ளைத் தீற்றலின் உருவமும் அதுவும் ஒன்றாக இருந்தது, எனக்கே தெரிந்தது. அளவில்தான் படத்தில் இருந்தது பெரிது.

“எப்பவும் இப்பிடித்தான் பின்னால ஆழமாகுமா?”

“எப்பவும்.”

“அந்தத் தாங்கிலேருந்து எவ்வளவு பெரிய துண்டு வரும்?” என்று மேடம் அண்ணனைக் கேட்டார்.

“அடுக்குக்கு நடுவுல எங்கயாவது காத்து மாட்டிக்கும் மேடம். மேல போகப் போக வெளிய காத்து கொறையுமில்ல, உள்ள இருக்கறது வீங்கி வெடிச்சுக்கிட்டு வரும். நான் அடிக்கற கனத்துக்கு, வந்தா உள்ளங்கை அளவு வரும்.” தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

துண்டு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும், பள்ளம் எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்ட இரண்டு பேரும் இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துச் சொன்னது அந்த அறையில்தான். மேடம் சற்று நேரம் எதையோ எழுதிக் கணக்குப் போட்டார். பிறகு போனை எடுத்து, “உரசல் இல்ல, பள்ளம். வெளிய போகச் சொல்லணும்” என்றார்.

டாக்டரம்மாதான் வெளியே போனார். நீளக் கையின் நுனியில் காலைக் கட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கி, பசையைப் பிதுக்கி அடைத்தார் என்று சொன்னார்கள். எப்படி அடைப்பது என்று மேலே சொல்லி அனுப்புவதற்கு முன்னால், அண்ணியைக் கூப்பிட்டு ஒருமுறை செய்துகாட்டச் சொல்லியிருக்கிறார்கள். கப்பல் இறங்கின அன்று ஓடுபாதை கேட்டில் பஸ்ஸை நிறுத்திக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். அண்ணன் முன் படியில், அண்ணி கடைசி இருக்கையில். வழியில் சூடு உச்சத்துக்குப் போகிற அந்த நேரம் முழுக்க நான் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. கப்பல் வந்து தரையைத் தொட்டு ஓடி நின்றதும் நான் ஹாரனை விடாமல் அடித்தேன், காவலாளி ஓடி வந்து கத்தும் வரைக்கும். அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் திரும்பிப் பார்த்தான். போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை.

விசாரணை நடந்தது. ஃபோம் ஷெட்டில் எல்லா மூலைகளிலும் அடிக்கும் முறையை மாற்றினார்கள். அண்ணன் கோட்டைத் தானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, கன்னைக் கையில் எடுத்துக்கொண்டான். அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மேடம் குறுக்கே நின்றிருக்க வேண்டும். பள்ளம் அடைக்கிற வேலையிலிருந்து எடுத்து, கெட்டுப்போன டைலைத் தோண்டி எடுக்கிற வேலையில் போட்டார்கள்.

வீட்டில்தான் நிலைமை சகிக்கவில்லை. அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சண்டை போட்டால்கூடத் தேவலை. பஸ்ஸில் ஆளுக்கொரு மூலை. நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

“கதவு சாவி எங்கன்னு கேளு.”

“வாயில என்ன வெச்சிருக்க, நீயே கேளேன்.”

“நீ கேப்பியா மாட்டியா?”

கேட்டுத் தொலைப்பேன். என்னைத் தபால்காரியாக்கிவிட்டார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், “அவங்க பண்ணது தப்புதான். உன் மேல ஆசைப்பட்டுப் பண்ணாங்கண்ணா” என்றேன். அண்ணிக்காக நான் பரிந்து பேசுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் பஸ்ஸை விட்டு இறக்கியிருப்பேன்.

“ஆசைதான். அதுல என்னக் குருடாக்கிட்டாளே” என்றான்.

இனிமேல் கப்பல் வந்து நின்றதும் ஃபோம் அடிக்கிறவர்களும் டைல் ஷெட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார். இத்தனை வருடங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. அவர்களை ஏற்றிக்கொண்டு நான்தான் போனேன். எல்லோரும் இறங்கி, கப்பலின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தபடி கதவருகிலேயே நின்றுவிட்டார்கள். தாங்கள் அடித்த ஃபோம் எங்கே போய் விழுகிறது என்று அவர்கள் பார்ப்பது அதுவே முதல் தடவை.

இடது சக்கரக் கதவுக்கு அடியில் அண்ணி மல்லாந்து கிடந்தாள். டாக்டரம்மா அடைத்த டைலைத் தோண்டி எடுக்கும் வேலை அவளுக்குத்தான் வந்திருந்தது. பசை கருகிப் பொருக்குத் தட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் உள்ளே பள்ளம் தெரிந்தது. டைல் முடிந்து, அடியில் இருக்கும் கம்பளி மாதிரியான துணியே எட்டிப் பார்த்தது. அதற்கும் அப்பால் தகடுதான், தகட்டுக்கு அப்பால் ஆட்கள்.

அண்ணன் மட்டும் குனிந்து உள்ளே போனான். அண்ணிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரல் முதல் கணு வரை போயிற்று. வெகுநேரம் விரலை வெளியே எடுக்கவில்லை.

“முன்னாடி இருந்ததெல்லாம் இவ்வளவு ஆழமா?”

பல நாள் கழித்து அவளிடம் அவன் நேராகப் பேசியது அது. அண்ணி அவனைப் பார்க்காமல், மேலேயே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

“இல்ல. இதுல பாதி கூட இருக்காது.”

“மொத்தம் எத்தன?”

“எண்ணல.”

“எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கற ஆளு நீ. இத எண்ணலயா?”

“எண்ணிருந்தா உங்ககிட்ட சொல்லாம இருந்திருக்க முடியாது” என்றாள் அண்ணி. “அதான் எண்ணல.”

அவன் எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன், போகவில்லை. அண்ணி விளக்கை எடுத்துப் பக்கத்து டைல்களைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, நகத்துக்குள் தாராளமாக அடங்கிவிட்டது. விட்டுவிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

“ஏங்க,” என்றாள். “இங்க இன்னொண்ணு இருக்கு. உங்களோடதுதான்.”

“எங்க, காட்டு” என்று சொல்லிவிட்டு, அண்ணன் தரையில் அவள் பக்கத்தில் மல்லாந்து படுத்தான்.